எழுத்துப் பெட்டியின் மூலைகள்

பழைய பொருளொன்றைக் காணும்போது நம் கண் முதலில் அதன் மெருகைப் பார்க்கிறது. அடுத்ததாக அதன் விலையை எண்ணுகிறது. மரத்தாலான பழைய எழுத்துப் பெட்டிகளைப் பற்றிப் பேசுவோர் பலரும் இவ்விரண்டோடு நின்றுவிடுகின்றனர். தந்தம் இழைத்ததா, பித்தளைப் பூண் உண்டா, ஈட்டியா தேக்கா, எத்தனை ஆண்டுப் பழமை என்பனவே கேட்கப்படும் கேள்விகள். அந்தப் பெட்டியின் நான்கு மூலைகளும் எவ்வாறு கூடின, கூடியவை எவ்வாறு இத்தனை காலம் பிரியாமல் நின்றன என்னும் கேள்வி எழுவதே இல்லை. ஓவியத்துக்குத் திறனாய்வு உண்டு, சிலைக்கு உண்டு, நூலுக்கு உண்டு. தச்சனின் வேலைக்கு மட்டும் விலைச்சீட்டுப் போதும் என்று நாம் ஏன் எண்ண வேண்டும்? எழுத்துப் பெட்டியை ஒரு படைப்பாகவே கொண்டு, அதன் நிறைகுறைகளை இங்கே சீர்தூக்கிப் பார்ப்போம்.

நாம் மனத்தில் கொண்டிருப்பது அரண்மனைப் பொருளன்று. கொல்லிமலையின் அடிவாரச் சமவெளியில், நாமக்கல்லிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் உள்ளது எருமப்பட்டி. அவ்வூரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் போன்ற இடங்களின் பழைய வீடுகளில், பரணிலோ நெற்குதிரின் பின்னாலோ கிடக்கும் கணக்குப் பெட்டியே நம் பொருள். தாழ்வான மரப்பெட்டி, சாய்ந்த மூடி. சம்மணமிட்டு அமர்ந்தவர் தம்முன் இழுத்து வைத்துக்கொண்டால் அந்த மூடியே எழுதும் மேசை ஆகிவிடும். திறந்தால் உள்ளே கணக்கேடு, மைக்கூடு, தொட்டெழுதும் பேனா, மடித்துவைத்த பத்திரம், சில்லறைக் காசு. கடையில் இருந்தால் அதற்குக் கல்லாப்பெட்டி என்று பெயர். கர்ணம் வீட்டில் இருந்தால் கணக்குப்பிள்ளை பெட்டி என்று பெயர்.

இந்தப் பெட்டி நமக்கு மிகப் பழைமையானதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஓலையில் எழுதுபவனுக்கு மேசை தேவைப்படவில்லை. இடக்கையில் ஓலையையும் வலக்கையில் எழுத்தாணியையும் பிடித்து, திண்ணையிலோ மரத்தடியிலோ அமர்ந்து எழுதினான். எழுதிய ஏடுகளைத் துளையிட்டுக் கயிற்றில் கோத்து, மேலும் கீழும் இரு பலகை வைத்துக் கட்டினால் வேலை முடிந்தது. தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி 1623இல் மதுரையிலிருந்து புறப்பட்டு, திருச்சி வழியாக எருமப்பட்டிக்கு அருகிலுள்ள சேந்தமங்கலத்துக்கும், பின் சேலத்துக்கும் வந்தார். அவர் காலத்தில் தமிழ் எழுத்து ஓலையிலேயே நடந்தது. காகிதமும் மையும் பரவிய பிறகே நிலைமை மாறிற்று. காகிதத்துக்குக் கீழே தட்டையான தளம் வேண்டும். மை சிந்தாமல் நிற்க இடம் வேண்டும். கறையானுக்கும் ஈரத்துக்கும் தப்பிக்க மூடி வேண்டும். பிறர் கை படாதிருக்கப் பூட்டு வேண்டும். இந்த நான்கு தேவைகளுக்கும் ஒரே விடையாக வந்ததே எழுத்துப் பெட்டி.

சேலம், நாமக்கல் சமவெளியில் அது பெருகியதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1792இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி பாரமகாலும் சேலமும் கும்பினியார் கைக்கு வந்தன. அப்பகுதியை அளந்து வரி விதிக்கும் பொறுப்பு அலெக்சாண்டர் ரீடுக்குத் தரப்பட்டது. அவருடைய உதவியாளருள் ஒருவர் தாமஸ் மன்றோ. இரயத்துவாரி முறை என்று பின்னர் பெயர் பெற்ற ஏற்பாட்டின் தொடக்கம் இந்த மண்ணில்தான். ஊருக்கு மொத்தமாக வரி என்றிருந்ததை, ஒவ்வொரு குடியானவனுக்கும் தனித்தனியே வரி என்று மாற்றினால் கணக்கு எத்தனை மடங்கு பெருகும்! வயல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஓர் அளவு, ஒரு பெயர், ஒரு தீர்வை. 19ஆம் நூற்றாண்டில் ஓலை மெல்ல மெல்ல ஒதுங்கி, காகிதக் கணக்கு ஊர்தோறும் நிலைபெற்றது. அந்தக் காகிதம் குடியிருந்த வீடே கணக்குப் பெட்டி.

இனி மூலைக்கு வருவோம். மரம் வெட்டப்பட்ட பிறகும் அசைந்துகொண்டிருக்கும் பொருள். மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும். வெயிற்காலத்தில் அதை வெளியேற்றிச் சுருங்கும். இந்த அசைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நார் ஓடும் நீளவாட்டில் அசைவு இல்லையென்றே சொல்லலாம். குறுக்குவாட்டில்தான் அது தெரியும். தேக்கு நிதானமான மரம் என்று பெயர் பெற்றது. அதுவே பச்சை நிலையிலிருந்து முற்றிலும் காய்வதற்குள் வளையத்தின் வழியே ஏறத்தாழ 5 விழுக்காடும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய ஆரவழியில் அதில் பாதியளவும் சுருங்கும். பங்குனி, சித்திரையில் பாறையே வெடிக்கும் என்று சொல்லத்தக்க வெயிலும், ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையும் காணும் நாமக்கல் சமவெளியில், ஒரு பலகை ஆண்டுதோறும் மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கும். இதை அறியாதவன் செய்த பெட்டி பத்தாண்டில் வாய் பிளக்கும். அறிந்தவன் செய்தது நூறாண்டு கடந்தும் நிற்கும்.

இரு பலகைகளை மூலையில் சேர்க்கும் வழிகள் பல. முனையோடு முனை வைத்து ஆணி அறைவது மிக எளியது. மிக விரைவில் கெடுவதும் அதுவே. ஒரு பலகையின் ஓரத்தில் காடி எடுத்து மற்றதை அதில் அமர்த்துவது அதனினும் மேலானது. இரு கைகளின் விரல்களைக் கோப்பதுபோல் நேர்ப்பற்கள் வெட்டிக் கோப்பது இன்னும் உறுதியானது. எல்லாவற்றிலும் உயர்ந்தது புறாவால் மூட்டு. இதில் ஒரு பலகையின் பற்கள் நுனியில் அகன்றும் அடியில் குறுகியும், புறாவின் விரிந்த வாலைப்போல் இருக்கும். மற்ற பலகையில் அதற்கேற்ற பள்ளங்கள் வெட்டப்படும். ஒரு திசையில் மட்டுமே அவற்றைக் கோக்க முடியும். அதற்குக் குறுக்கே எவ்வளவு இழுத்தாலும் பிரியாது. எனவேதான் இழுப்பறை செய்யும் நல்ல தச்சன் பக்கப் பலகைகளில் வால்களையும் முன்பலகையில் பள்ளங்களையும் வைக்கிறான். கைப்பிடியை நாள்தோறும் எத்தனை முறை இழுத்தாலும் முன்பலகை கழன்று வராது. பசை அங்கே துணை மட்டுமே. பாரத்தைத் தாங்குவது வடிவம்.

இதில் இன்னொரு நுட்பமும் அடங்கியிருக்கிறது. நான்கு பக்கப் பலகைகளிலும் நார் ஓட்டம் பெட்டியைச் சுற்றிக் கிடைமட்டமாக ஓடினால், நான்கும் ஒன்றுபோல் உயரத்தில் உப்பும்; ஒன்றுபோல் சுருங்கும். மூலையில் சண்டை இல்லை. ஆனால் அடிப்பலகை அப்படியன்று. அதன் அகலம் விரியும்போது, அதே திசையில் கிடக்கும் பக்கப்பலகையின் நீளம் விரிவதில்லை. அடிப்பலகையை ஆணி அறைந்து இறுக்கிவிட்டால் ஒன்று அது வெடிக்கும். அல்லது மூலையைத் தள்ளும். அறிந்த தச்சன் நான்கு பக்கங்களின் உட்புறத்திலும் காடி எடுத்து, அடிப்பலகையைப் பசையின்றி அதில் நழுவவிடுகிறான். ஓரத்தில் நூலளவு இடமும் விட்டுவைக்கிறான். மூடியைச் சட்டமடித்துச் செய்யும்போதும் நடுப்பலகைக்கு இதே விதிதான். இறுக்க வேண்டிய இடம் எது, இடம்விட வேண்டிய இடம் எது என்று அறிவதே தச்சுக்கலையின் பாதி. ஒரு பெட்டியைத் திறனாய்பவன் கேட்க வேண்டிய முதற்கேள்வியும் இதுவே.

இந்த அளவுகோலோடு, புகழ்பெற்ற பெட்டிகளை நோக்குவோம். பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த விசாகப்பட்டினம், 18ஆம் நூற்றாண்டில் தந்தவேலைக்குப் பேர்பெற்ற ஊர். கும்பினி அதிகாரிகளுக்காக அங்குள்ள கைவினைஞர் எழுத்துப் பெட்டிகளும் மேசைகளும் செய்தனர். தொடக்கத்தில் ஈட்டி, கருங்காலி போன்ற மரங்களில் தந்தத்தைப் பூவும் கொடியுமாகப் பதித்தனர். பின்னர் சந்தனம் போன்ற மரத்தால் பெட்டி செய்து, அதன் மேற்பரப்பு முழுவதையும் மெல்லிய தந்தத் தகடுகளால் போர்த்தினர். தந்தத்தில் கோடு கீறி, அக்கோட்டில் கருநிற அரக்கை நிரப்பி வரைந்த சித்திரங்கள் இன்றும் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் காண்போரைக் கவர்கின்றன. பம்பாயிலும் சூரத்திலும் தந்தம், கொம்பு, உலோகம் ஆகியவற்றின் நுண்துண்டுகளைச் சேர்த்துச் சந்தனப் பெட்டிகளின்மேல் ஒட்டிய 'சடேலி' வேலையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

கைத்திறனில் இவற்றுக்கு ஈடு சொல்வது அரிது. ஆயினும் நம் அளவுகோலின்படி இங்கே ஒரு குறையைச் சுட்டத்தான் வேண்டும். அடியில் இருக்கும் மரம் அசைகிறது. மேலே ஒட்டிய தந்தத் தகடு அந்த அசைவோடு ஒத்துப்போவதில்லை. விளைவாகத் தகட்டில் வெடிப்பு விழுகிறது, ஓரம் மேலெழும்புகிறது. பழுதுபார்ப்போர் ஓயாமல் போராடுவது இந்த வெடிப்போடுதான். போர்த்தியது அடியில் உள்ளதை மதிக்காதபோது, எத்தனை அழகான போர்வையும் நிலைப்பதில்லை. மேலும் அப்போர்வைக்காக யானைகள் கொடுத்த விலையை நாம் மறக்கலாகாது. இந்திய யானைத் தந்த வணிகத்தை 1986இலும், வெளிநாட்டுத் தந்த வணிகத்தை 1991இலும் நம் நாட்டுச் சட்டம் தடைசெய்தது. தந்தம் இழைத்த பெட்டியைத் தேடி அலையும் ஆசைக்கு இதுவும் ஓர் எச்சரிக்கை.

ஆங்கிலேயர் தம்முடன் எடுத்துச் சென்ற எழுத்துப் பெட்டி வேறு வகையானது. மூடியிருக்கும்போது அது சதுரமான சிறு பேழை. குறுக்கே சாய்வாக அறுக்கப்பட்டிருப்பதால், திறந்து விரித்தால் இரு பாதிகளும் சேர்ந்து ஒரே சாய்தளம் ஆகும். மேலே மென்துணியோ தோலோ ஒட்டப்பட்டிருக்கும். மேற்கோடியில் மைக்கூட்டுக்கும் பேனாவுக்கும் இடம். சாய்தளத்தின் கீழே கடிதங்களுக்கு அறை. சிலவற்றில் வில்விசையால் திறக்கும் மறைவான இழுப்பறைகள். மூலையில் பித்தளைப் பூண். புதின ஆசிரியர் ஜேன் ஆஸ்டின் பயன்படுத்திய இத்தகைய பெட்டி 1999இல் பிரித்தானிய நூலகத்துக்கு அன்பளிப்பாக வந்து சேர்ந்தது. 1798இல் பயணத்தின்போது அவருடைய பெட்டிகள் தவறுதலாக வேறொரு வண்டியில் ஏற்றப்பட, ஆளனுப்பி மீட்டதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். எழுதுபவரின் உலகம் முழுவதும் ஒரு பெட்டிக்குள் அடங்கியிருந்ததை அப்பதற்றம் காட்டுகிறது. சாய்ந்த அறுப்பு ஒன்றினால் பெட்டியை மேசையாக்கிய அறிவு பாராட்டத்தக்கது. ஆனால் விலையுயர்ந்த பலவற்றில் மூட்டைக் காட்டுவது நாகரிகக் குறைவென்று கருதி, மூலையைச் சாய்த்து வெட்டி வால்களை உள்ளே ஒளித்துவிட்டனர். வேலை கடினம், உறுதியும் உண்டு. எனினும் உழைப்பின் சுவடு தெரியக்கூடாது என்னும் மனப்பாங்கு அதில் இருப்பதை நாம் காணாதிருக்க முடியவில்லை.

நம் கணக்குப் பெட்டியிடம் திரும்புவோம். அதில் ஒளிவு இல்லை. மூலையில் வால்களோ நேர்ப்பற்களோ கண்ணுக்கு நேரே தெரியும். சாய்ந்த பெட்டியாகையால் முன்பலகை தாழ்ந்தும் பின்பலகை உயர்ந்தும் இருக்கும். முன்மூலையில் இரண்டு பற்கள் என்றால் பின்மூலையில் நான்கு. அந்தப் பற்களுக்கு இடையே உள்ள அளவு சில இடங்களில் மயிரிழை கூடும், குறையும். இதைச் செய்தவர் பெட்டி மட்டுமே செய்யும் நகரத்துப் பட்டறைக்காரர் அல்லர். கலப்பையும் நுகத்தடியும், கிணற்றுக் கவலைக்கான சட்டமும், கட்டை வண்டியும், கதவு நிலையும் செய்த அதே ஆசாரிதான். வண்டிச் சக்கரத்தின் குடத்தில் துளையிட்டு ஆரக்காலின் முளையை அறைந்து, வட்டையைக் கோத்து, சுற்றிலும் காய்ச்சிய இரும்புப் பட்டாவைப் பூட்டும்போது அவர் கற்றுக்கொண்டதை இந்தச் சிறு பெட்டியில் பயன்படுத்தினார். பாரம் எந்தப் பக்கம் தள்ளும், எந்தப் பக்கம் தாங்க வேண்டும் என்பது அவருக்குக் காட்டு வண்டி கற்பித்த பாடம்.

குறைகளையும் மறைக்காமல் சொல்வதே திறனாய்வு. இவற்றுள் பலவற்றின் அடிப்பலகை ஆணியால் அறையப்பட்டிருக்கும். அதனாலேயே நடுவில் வெடித்தும் இருக்கும். மூடியின் இருபுறமும் குறுக்குச் சட்டத்தை அசைய இடமின்றி இறுக்கியதால் வளைந்துபோனவையும் உண்டு. வைரம் பாய்ந்த பகுதியோடு வெளிறும் சேர்ந்துவிட்டால், அந்த இடத்தை வண்டு அரித்திருக்கும். சில பெட்டிகள் தேவைக்கு மேல் கனமானவை. கையில் கிடைத்த மரம், களத்துமேட்டில் அளந்து தந்த தவசக் கூலி, அவசர அவசரமாகக் கேட்ட வீட்டுக்காரர் என இவையெல்லாம் அப்பெட்டியில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆயினும் தந்தப் பெட்டியின் குறையும் இதன் குறையும் ஒரு தன்மையானவை அல்ல. அது தன் மரத்தை மறைத்ததால் வந்தது. இது வசதி குறைந்ததால் வந்தது. நல்ல மரமும் போதிய நாளும் கிடைத்த இடத்தில் அதே ஆசாரியின் கை, நூல் நுழைய முடியாத மூட்டைச் செய்து காட்டியிருக்கிறது.

செய்தவன் பெயர் என்ன என்னும் கேள்வி இங்கே எழுகிறது. ஜான் ரஸ்கின் 1853இல் வெளியிட்ட வெனிஸ் பற்றிய நூலின் இரண்டாம் பகுதியில், வேலையில் தெரியும் சிறு பிசகு அதைச் செய்தவன் அடிமையல்லன், சிந்திக்கும் மனிதன் என்பதன் அடையாளம் என்று வாதிட்டார். கொழும்பில் 1877இல் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசாமி, 1909இல் வெளியான 'இந்தியக் கைவினைஞன்' என்னும் நூலில், நம் கைவினைஞன் பரம்பரைத் தொழிலாலும் ஊர் தந்த பாதுகாப்பாலும் மன அமைதியோடு உழைத்தான் என்று போற்றினார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் அந்த அமைதியை நாம் முழுமையாக ஏற்க இயலவில்லை. தன் பிள்ளை வேறு தொழில் கற்கலாகாது என்றிருந்த ஊரில், கூலியின் அளவை மற்றவர் தீர்மானித்த ஊரில், ஒருவன் தன் வேலையை நேசித்தான் என்றால் அது அந்த ஏற்பாட்டின் பெருமையன்று. அவன் உள்ளத்தின் பெருமை. இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுவது அழகிய தவறு.

பெயர் மறைவது நம் ஊரில் மட்டும் நடந்ததன்று. அமெரிக்க விடுதலைச் சாசனத்தை 1776இல் தாமஸ் ஜெஃபர்சன் வரைந்தது ஒரு சிறிய எழுத்துப் பெட்டியின்மேல். மகோகனி மரத்தில், தாமே வரைந்து தந்த படத்தின்படி, ஃபிலடெல்ஃபியா நகரத் தச்சர் ஒருவரைக் கொண்டு அதனைச் செய்வித்தார். சுமார் 14 அங்குல நீளமுள்ள அந்தப் பெட்டி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1825இல் அதைத் தம் பேத்தியின் கணவருக்குப் பரிசளித்தபோது, அதன் வரலாற்றைத் தம் கைப்பட எழுதி அதிலேயே ஒட்டினார். அந்தக் குறிப்பில் தச்சரின் பெயர் பென் ராண்டால் என்றிருக்கிறது. உண்மையில் அவர் பெஞ்சமின் ராண்டால்ஃப். அவர் வீட்டிலேயே ஜெஃபர்சன் தங்கியிருந்தார்; ஐம்பது ஆண்டுகள் அவர் செய்த பெட்டியின்மேல் எழுதினார்; ஆயினும் பெயர் பிசகிற்று. பிசகாக எழுதவாவது ஒரு பெயர் இருந்தது. நம் கணக்குப் பெட்டிகளில் பூட்டு செய்த ஊரின் முத்திரை இருக்கலாம், உடையவரின் பெயரெழுத்து இருக்கலாம். ஆசாரியின் பெயரை அவற்றில் காண்பது அரிதினும் அரிது.

பெட்டி நேர்மையாக இருந்தது. அதன்மேல் எழுதப்பட்டதும் நேர்மையாக இருந்ததா? மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்னும் கருத்தைத் தம் பெட்டியின்மேல் வைத்து எழுதிய ஜெஃபர்சன், வாழ்நாள் முழுதும் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர். நம் சமவெளியிலும் கணக்குப் பெட்டி என்றால் பயிரிடுவோர் நெஞ்சில் மதிப்போடு அச்சமும் எழுந்தது. யார் நிலம் யார் பெயரில், எந்தக் காணிக்கு எவ்வளவு தீர்வை, எவர் அனுபவம் எத்தனை ஆண்டு என்பதெல்லாம் அந்தச் சாய்ந்த மூடியின்மேல் ஒரு கோட்டில் முடிவாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாதவன் எட்ட நின்று பார்த்தான். அப்பெட்டியைச் செய்த ஆசாரியும் எட்டத்தான் நின்றிருப்பார். நேர்மையோடு எழுதியவர் பலர், இல்லாதவரும் இருந்தனர். தமிழ்நாட்டில் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டன. கிராம நிர்வாக அலுவலர் முறை வந்தது. பெட்டி வேலை இழந்தது. பெட்டியைப் போற்றுவோர் இந்த வரலாற்றையும் சேர்த்தே போற்ற வேண்டும். அல்லது சேர்த்தே வருந்த வேண்டும்.

விவிலியம் இயேசுவைத் தச்சர் என்று குறிப்பிடுகிறது (மாற்கு 6:3). அவர் கலப்பைகளும் நுகங்களும் செய்தார் என்று 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித ஜஸ்டின் எழுதுகிறார். நாசரேத்தின் தச்சுப்பட்டறையும் எருமப்பட்டி ஆசாரியின் கொட்டகையும் அவ்வளவு தொலைவில் இல்லை. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் வெளியிட்ட மனித உழைப்பைப் பற்றிய சுற்றுமடலில் வலியுறுத்தியது, உழைப்பின் மதிப்பு செய்யப்பட்ட பொருளில் அல்ல, செய்யும் மனிதரில் இருக்கிறது என்பதையே. பழம்பொருள் வணிகத்தின் கண்ணோட்டம் இதற்கு நேர்மாறானது. அங்கே பொருள் மட்டும் உயிரோடிருக்கிறது, செய்தவர் இல்லை.

அந்தக் கைகள் இன்று எங்கே? ஏர் போய் உழுவை இயந்திரம் வந்தது; கவலை போய் மின்மோட்டார் வந்தது; கட்டை வண்டி ஓய்ந்தது. நாமக்கல் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் தொழிலுக்கு நாடெங்கும் பெயர் பெற்றது. மரவேலையும் இரும்புவேலையும் சேர்ந்து நடந்த அப்பட்டறைகளில் தச்சருக்கும் இடம் கிடைத்தது. அங்கே மூட்டின் பாரத்தை ஏற்றது மரையாணியும் பற்றவைப்பும். பாரம் எங்கே தள்ளும் என்று கணிக்கும் பழைய அறிவு மட்டும் தொடர்ந்தது. எனவே தச்சுக்கலை செத்துவிட்டது என்று நாம் ஒப்பாரி வைக்கவில்லை. அது வேறு வேலைக்குப் போய்விட்டது. வீட்டில் எஞ்சியிருக்கும் பெட்டிதான் அதன் பழைய கையெழுத்து.

அந்தக் கையெழுத்தைக் காக்கும் கடமை நமக்கு உண்டு. வாசக அன்பர்களின் இல்லங்களில் மட்டுமன்றி, பங்கு இல்லங்கள் சிலவற்றிலும் இத்தகைய பெட்டிகள் இருக்கும். 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம் திருமணப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது முதல், பதிவேடு இல்லாத பங்கு இல்லை. பதிவேடு உள்ள இடத்தில் அதற்கொரு பெட்டியும் பேழையும் இருந்தே தீரும். அவற்றைப் பழுதுபார்க்கும்போது சில எண்ணங்கள் உதவும். தளர்ந்த மூலையில் இரும்புத் திருகாணியை ஏற்றினால், அது மரத்தை அசையவிடாமல் பிடித்துப் புதிய வெடிப்பை உண்டாக்கும். பழைய ஆசாரிகள் பயன்படுத்திய வஜ்ஜிரப் பசை வெந்நீராலும் சூட்டாலும் இளகக்கூடியது. ஆகவே மூட்டைக் கழற்றித் துப்புரவாக்கி மீண்டும் சேர்க்கலாம். இன்றைய செயற்கைப் பசைகளில் பல அவ்வாறு விட்டுக்கொடுப்பதில்லை. அடிப்பலகை வெடித்திருந்தால் வெடிப்பை அடைப்பதற்கு முன், அது அசைய இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பளபளப்புக்காக மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால், நூறாண்டு முழங்கை பட்டு வந்த மெருகு ஒரு மணி நேரத்தில் போய்விடும்.

விற்க நேர்ந்தாலும் சட்டம் ஒன்று இருப்பதை அறிந்திருப்பது நலம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைக்கருவூலங்கள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமையுள்ள கைவினைப் பொருளும் தொல்பொருளே. தனியார் அதனை நாட்டுக்கு வெளியே அனுப்ப இயலாது. ஆனால் சட்டம் காப்பது பொருளை மட்டுமே. அதன் கதையை நாம்தான் காக்க வேண்டும். வீட்டில் முதியோர் இருக்கும்போதே, இந்தப் பெட்டியைச் செய்தவர் யார், எந்த ஊர், எந்த மரம், என்ன கூலி என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி, உடையவர் பெயரோடு செய்தவர் பெயரையும் சேர்த்துப் பெட்டிக்குள் வைக்கலாம். பெயர் நினைவில்லை எனின் தெருவையாவது எழுதலாம். பிறருடைய கணக்கைச் சுமப்பதற்கென்றே செய்யப்பட்ட பெட்டியில், செய்தவரின் கணக்குக்கு ஒரு வரி இடம் தருவது நியாயமே.

முடிவாக நம் தீர்ப்பு இது. எழுத்துப் பெட்டிகளுள் சிறந்தது எது என்று கேட்டால், விசாகப்பட்டினத்துத் தந்தப் பெட்டியை நாம் வியப்போம். ஆங்கிலேயரின் மடக்குப் பெட்டியின் அறிவைப் பாராட்டுவோம். ஆனால் முதலிடத்தை, நல்ல மரத்தில் தன் மூட்டை மறைக்காமல் காட்டி நிற்கும் கணக்குப் பெட்டிக்கே தருவோம். இரு பலகைகள் ஒன்றாவதற்கு ஒவ்வொன்றும் தன்னில் சிறிது வெட்டுப்பட்டே ஆக வேண்டும். சேர்ந்த பிறகும் ஒன்று மற்றொன்றின் அசைவுக்கு இடம் விட வேண்டும். இந்த இரண்டையும் அறிந்து செய்த ஆசாரிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருந்திருக்கலாம். அவர் செய்து தந்த தளத்தின்மேல் எழுதியவர்கள் அந்த அளவு நேர்மையோடு எழுதியிருந்தால், இந்தச் சமவெளியின் நிலக்கணக்கில் எத்தனையோ கண்ணீர் குறைந்திருக்கும்.